டிபன் பாக்ஸின் ஓரம்

மதியச் சாப்பாட்டு மணி அடித்தும், விடைத்தாள் திருத்தும் முகாமில் செந்தாமரை டீச்சர் எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த தாளில், நீள்வட்டத்தின் வலது ஓரப் புள்ளிக்கு முகமறியாத ஒரு பிள்ளை தொடுகோட்டைச் செங்குத்தாக வரைந்திருந்தது. விடைக்குறிப்போ, சாய்வு காணும்போது பின்னத்தின் கீழே பூச்சியம் வருவதால் அங்கே தொடுகோடே இல்லை என்றது. அவள் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். அந்த ஐந்தை எடுத்துவிட்டால் பிள்ளை தேறாது.

தலைமைத் தேர்வாளர் தங்கதுரை வந்து நின்றார்.

"ஆன்சர் கீ-ல என்ன இருக்கோ அதைப் போடுங்கம்மா. எல்லாரும் சைபர் போட்டாச்சு. உங்களுக்கு மட்டும் தனிக் கணக்கா?"

"கீ தப்பு சார்."

"மெமோ கைக்கு வந்தா தெரியும், எது தப்புன்னு. அந்த அஞ்சை அடிச்சிட்டுச் சாப்பிடப் போங்க."

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். பையிலிருந்து நீள்வட்டமான டிபன் பாக்ஸை எடுத்து, திறக்காமல் அவர் முன்னால் வைத்தாள். அதன் வலது ஓரத்தை ஒட்டி ஸ்கேலை மேசைமேல் படுக்கவைத்து, தாளில் இருந்த கோட்டைப் போலவே செங்குத்தாகப் பொருத்தினாள். அது ஒரே ஓர் இடத்தில் தொட்டது. கை கழுவப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொடலைன்னு உங்க வாயால சொல்லுங்க சார், இப்பவே அடிச்சிடுறேன்."