வலி ஒன்பது, இடைஞ்சல் பூஜ்யம்

"முதுகு வலி எவ்வளவுங்க? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

"ஒன்பது," என்றார் கட்டிலில் கிடந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர். இப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டிருந்தார்.

"வலியால சமைக்க, பெருக்க, துவைக்க எவ்வளவு இடைஞ்சல்?"

"பூஜ்யம்."

வீடு தேடி வந்திருந்த நர்ஸின் பேனா நின்றது. வலி அன்றாட வேலைகளை எவ்வளவு முடக்குகிறது என்று அளந்து, தேவைப்பட்டால் உதவிக்கு ஆள் அனுப்புவது அவள் வேலை. எல்லாக் கேள்விக்கும் பத்து பத்தாக அள்ளி விடுகிறவர்கள்தான் அவளுக்குப் பழக்கம்.

"உங்களால திரும்பிப் படுக்கவே முடியல. அப்புறம் யார் சமைக்கிறது?"

"என் சம்சாரம்."

"அவங்க தவறிட்டதா சொன்னாங்களே?"

"ஆமா, போன வருஷம். மாத்திரை போட்டுக் கண்ணை மூடுவேன். சமையல்கட்டுல சத்தம் கேட்கும். முழிச்சா எல்லா வேலையும் முடிஞ்சிருக்கும். ஆள் கீள் அனுப்பிடாதீங்கம்மா. புது ஆளைப் பார்த்தா அவ வரமாட்டா."

பாவம், மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் தரை ஈரமாக இருந்தது. கட்டிலருகே மூடி வைத்த சாப்பாடு சுட்டது. சட்டைகள் கையை உள்ளே சுருட்டி மடிக்கப்பட்டிருந்தன.

"அவங்க அம்மா வீட்டு மடிப்பு," என்றார், சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தபடி.

அப்போது சமையலறையில் ஒரு பாத்திரம் உருண்டது.

நர்ஸ் மெல்ல எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும் பின்கதவு வரை போயிருந்தன. கதவைத் திறந்தாள்.

படத்தில் இருந்த அதே முகம் வெளியே நின்றது.

நர்ஸ் அலற வாயெடுத்தாள்.

"கத்திடாதீங்க! நான் தங்கச்சி, பக்கத்து வீடு. அக்காவை லேட்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்னு, 'இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்'னு நாலு பேர் பார்க்கக் கத்தினவ. இப்ப எந்த முகத்தோட எதிர்ல போய் நிக்கிறது? தூங்கறப்ப வந்து செஞ்சிட்டுப் போறேன். நீங்க வந்து எழுப்பவும் மாட்டிக்கிட்டேன். அக்கா வர்றான்னே நினைச்சுக்கட்டும். சொல்லிடாதீங்க."

நர்ஸ் உள்ளே திரும்பினாள்.

"யாராவது இருந்தாங்களா?" டிரைவர் குரலில் பதற்றம்.

"இல்லீங்க."

டிரைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பின்கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நல்லவேளை, பார்த்ததை அவ காதுபடச் சொல்லாம விட்டீங்க. ரோஷக்காரி. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, என் மச்சினி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. பூஜ்யம்னே போட்டுக்கங்கம்மா."