விதானையாரின் கையெழுத்து

"இது ஆர்ட கையெழுத்து, விதானையார்?" என்று சட்டத்தரணி சுலக்சனா கேட்டார்.

கச்சிமுகம்மது மேசையில் கிடந்த பேப்பரைக் குனிந்து பார்த்தார். அறுபத்திரண்டு வயதில், கல்முனையில் சட்டத்தரணியின் கந்தோரில், மகள் வயதுப் பெண்ணின் முன்னால் களவெடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். தன்னுடையதுதான் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

சும்மா கையெழுத்தா அது? நானூறு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் திறப்பதென்றாலும், மானியப் பசளைக்குப் பெயர் கொடுப்பதென்றாலும், வட்டவிதானையாரான அவர் பேனையை எடுத்தால்தான் காரியம் நடக்கும். பதினெட்டு வருடமாகச் சேர்ட் பையில் பேனை இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை.

அந்தப் பேனைதான் இப்போது ஊரைக் கவிழ்த்துவிட்டது.

சொறிக்கல்முனைப் பக்கம் அவர் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் மேட்டுக் காணி. அதில் நெல் விளையாது. வெயில் மட்டும் நன்றாக விளையும். அங்கே சோலர் தகடுகளைப் போட்டு, மழையில்லாத சிறுபோகத்துக்கு ஆற்றுத் தண்ணீரை இறைத்து, மிஞ்சும் மின்சாரத்தை விற்பதென்று நாற்பது விவசாயக் குடும்பங்கள், முஸ்லிம்களும் தமிழர்களுமாய்ச் சேர்ந்து, சங்கம் கட்டியிருந்தார்கள். சங்கத்தைப் பதிந்து, அனுமதிகளுக்கு எழுதி, ஒரு வருடமாகச் செருப்புத் தேய அலைந்தது காரைதீவுக்காரியான இந்தச் சுலக்சனாதான். மிச்சம் கிடந்தது அந்தக் காணியைச் சங்கத்துக்குக் குத்தகைக்கு எழுதுவது மட்டும்.

அதற்குள் வெளியூர்க் கம்பனிக்காரர் இருவர் வந்தார்கள்.

வீட்டு வாசலில் நின்ற மனைவி கமீலாவைத்தான் முதலில் கண்டார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, "அவரோட கதைங்க, எழுத்து வேலையெல்லாம் அவர்தான்" என்றது மாமரத்தடியில் இருந்த அவருக்குக் கேட்டது. மனுசனுக்கு நெஞ்சு இரண்டங்குலம் உயர்ந்தது. முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தும் மரியாதை குறையாத பெண்சாதி.

வெயிலை அளந்து பார்க்க அனுமதி வேண்டும் என்றார்கள். வெயிலை அளக்கவும் ஒரு கையெழுத்தா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஐந்து இடத்தில் வைத்தார். பேப்பர் முழுக்க இங்கிலீசு.

ஒலுவில் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒன்றிடம் பிரதியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோதுதான் விசயம் விளங்கிற்று. காணி முப்பது வருடத்துக்குக் கம்பனிக்குக் குத்தகை.

மூன்று வாரமாக அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கமீலாவிடமும் சொல்லவில்லை. சங்கக் கூட்டத்தில் தகடுகள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சண்டை பிடிக்க, அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. தொழுகையில் சுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைத்தால் எழும்ப மனம் வரவில்லை. நாற்பது குடும்பத்தின் தண்ணீரைக் கொட்டிவிட்டேனே என்ற ஒரே நினைப்பு.

இன்றைக்குச் சங்கத்துக்குக் குத்தகை எழுத வேண்டும், காணி உறுதிப் பத்திரத்தோடு வாருங்கள் என்று சுலக்சனா அழைத்திருந்தார். கமீலா தானும் வருகிறேன் என்று உடுத்திக்கொண்டு நின்றாள். இனி ஒளிக்க இடமில்லை. வந்து உட்கார்ந்ததும் அவர் கம்பனிப் பேப்பரை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

சுலக்சனா அதை வாசித்து முடித்து ஓரமாக வைத்தார். கமீலா துணிக்கடைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த உறுதியை விரித்தார். பழுப்பேறிய தாளில் விரல் மெல்ல இறங்கியது. ஒரு வரியில் நின்றது.

பிறகு அவர் சிரித்தார்.

"இது சீதனக் காணிதானே விதானையார். உறுதி கமீலா ராத்தாட பேரிலதான் இரிக்கு. நீங்க அஞ்சு இடத்தில இல்ல, அம்பது இடத்தில வைச்சாலும் செல்லாது."

செல்லாது.

அவருடைய கையெழுத்தைப் பார்த்து இதுவரை ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. வேறு நேரமென்றால் ரோசம் வந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னார். கண் நிறைந்தது. துடைக்கவும் வெட்கப்படவில்லை.

ஊரில் ஆம்பிளைகள் எல்லோரும் பெண்சாதிக்குச் சீதனமாக வந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் வேலி அடைத்தவர் அவர், பற்றைக்காடு வெட்டியவர் அவர், ஊரும் அதை விதானையார் மேடு என்றுதான் சொல்லும். அது யாருடைய காணி என்பதே மறந்துபோயிருந்தது.

சங்கத்துக்கான குத்தகை உறுதி தயாராக இருந்தது. சுலக்சனா அதில் கமீலாவின் பெயரை நிரப்பி அவள் பக்கம் தள்ளினார். கச்சிமுகம்மது தன் பேனையை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். சாட்சிக்கு விதானையாரின் கையெழுத்தும் வேண்டும் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கம்பனிக்காரர் உங்களிடம் கேட்கவே இல்லையா என்று சுலக்சனா கமீலாவிடம் விசாரித்தார்.

கமீலா ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொன்னாள்.

"கேட்டாங்க. பேப்பர முதல்ல எனக்குத்தான் நீட்டினாங்க. கையெழுத்து வெக்காம உடமாட்டாங்க போல இரிந்திச்சி. இவர் வெச்சா செல்லாதெண்டுதான் இவருக்கிட்ட அனுப்பின. வந்து சொல்லுவாரெண்டு பாத்தா, மூணு கிழமையா மனுசன் வாயத் தொறக்கல்ல."

எழுதி முடித்துப் பேனையை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, வைங்க. இது செல்லும்."