உள்ளடுக்கு

இறந்துபோன மகள் நித்திலாவின் படத்தருகே அவளுடைய கல்யாண டிவிடியையும் சாய்த்து வைத்து, வெள்ளிதோறும் பழைய சந்தனத்தைத் தேய்த்தெடுத்து அதன் பளபளக்கும் பக்கத்திலும் புதிதாகப் பொட்டு வைத்துவந்தாள் கோசலை. ஒருநாள் போட்டுப் பார்க்கையில் படம் பாதியில் நின்றுபோக, கடைக்கு எடுத்துப் போனாள்.

"இதுல ரெண்டு அடுக்கும்மா," என்றான் கடைக்காரன். "மேலடுக்கைத் துளைச்சுப் போய்த்தான் வெளிச்சம் உள்ளடுக்கைப் படிக்கணும். நீங்க தேச்சதுல ஒரே கீறல். மிச்சப் படம் உள்ளயேதான் இருக்கு, எடுக்க வழியில்ல."

வீட்டில் மறுபடி போட்டாள். கார் கதவைப் பிடித்தபடி நித்திலா திரும்பி, "அம்மா, எனக்கு..." என்றதும் படம் உறைந்தது. அன்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல், "ராகு காலம் வந்துடும், ஏறுடி" என்று காருக்குள் தள்ளியவள் கோசலைதான்.

திரையில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"சொல்லுடி, கேக்கறேன்."