நெற்றிக்குப் பின்னால்

தண்ணீர் கொதித்தது. அவர் அடுப்பின் முன் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து என்ன என்று சொல்லிவிட அவள் நாக்கு துடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். குறுக்கே பேசக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரே நேரத்தில் ஆறு அடுப்புகளைக் கட்டி ஆண்டவர் அவள் கணவர். பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். எந்த மேசைக்கு எது, எது முதலில் இறங்க வேண்டும், எல்லாம் தலைக்குள்ளேயே ஓடும்.

மாடிப்படியில் உருண்டபோது அந்தத் தலைதான் முதலில் தரையில் மோதியது.

"பழசெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும்மா," என்றார் மருத்துவர், தன் நெற்றியைத் தட்டிக் காட்டி. "ஆனா ஒண்ணை நினைச்சு, அதை மனசுல பிடிச்சு வெச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் செஞ்சு முடிக்கணும்னா இந்த இடம் வேணும். அடி இங்கதான்."

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே அரைகுறைதான். பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் குடிக்க எழுந்து போனவர், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாகத்தோடு திரும்பி வருவார்.

அவள் விடவில்லை. தினமும் காலையில் அவரை அடுப்பின் முன் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுக்குப் பழைய மனிதர் வேண்டும். உள்ளே நுழைந்தாலே பாத்திரங்கள் சொன்ன பேச்சு கேட்குமே, அந்த மனிதர்.

இன்று அவர் கை மெல்ல நீண்டது.

தேயிலை விழுந்தது. பிறகு பால். பொங்கி வரும் நேரத்தில் அடுப்பைத் தணித்தார். சர்க்கரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தடுமாறினார். ஸ்பூனைத் தேடி எடுத்தார்.

வடிகட்டி, கோப்பையை அவளிடம் நீட்டினார்.

"சூடா இருக்கு. பாத்துக் குடி."

அழுதுகொண்டே குடித்தாள். திகட்டும் அளவுக்கு இனிப்பு. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அறைக்குள் ஓடி அக்காவுக்கு ஃபோன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சீறினாள்.

"உனக்கென்னடி பைத்தியமா? அன்னைக்கு எதுக்கு அந்த மனுஷன் படி இறங்கினாருன்னு மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவர் கையில் பெட்டி இருந்தது. இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அவருக்கும் அது மறந்திருக்காது; செய்து முடிக்கத்தான் முடியாமல் போயிருந்தது.

மறுநாள் மருத்துவர் சொன்ன அடுத்த பயிற்சி. தனியாக வெளியே போய்த் திரும்பி வர வேண்டும்.

தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கி வரும்படி சொன்னாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவளே கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. அவள் கதவைச் சாத்தவில்லை.