நாற்பத்து மூன்று கோலிகள்

அமோஸ் பிரின்டில் மரப்பெட்டியின் துளைக்குள் முஷ்டியை விட்டார். கோலி உள்ளே 'டொக்' என்று விழுந்தது. கையை வெளியே எடுத்தவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

"யோவ், ஏன்யா இப்படி வேர்க்குது? உன் ஓட்டு வெள்ளைன்னு எங்களுக்குத் தெரியாதா? அதை எண்ணவே வேணாம்" என்றான் பின்னால் நின்ற ரொட்டிக்கடை ஜோனஸ். தீயணைப்புக் கொட்டகையே சிரித்தது.

ஓட்டு நடப்பதே அமோஸின் பரிசைப் பற்றித்தான். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் உருவாக்கிய நீராவித் தீயணைப்பு எஞ்சினை ஊருக்குச் சும்மா கொடுக்கிறார். ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் நாற்பத்து மூன்று பேர். ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோலி, ஒரு கறுப்புக் கோலி. ஒன்று பெட்டிக்குள், மற்றது யாரும் பார்க்காமல் மூடிய வாளிக்குள். எல்லாம் வெள்ளையாக விழுந்தால் எஞ்சின் உள்ளே வரும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அது குழுவின் பழைய சட்டம்.

கனெக்டிகட் ஆற்றங்கரையின் கடிகாரத் தொழிற்சாலை, ஊர் நூலகம், இலவச மாலைப் பள்ளி எல்லாம் அமோஸ் கட்டியவை. தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஐயா'. ஆனால் இந்தக் குழுவில் சேர ஒன்பது முறை விண்ணப்பித்து, ஒன்பது முறையும் கறுப்புக் கோலி வாங்கினார். போன வசந்தத்தில்தான் குழுவின் சிவப்புச் சட்டை கிடைத்தது.

தீயணைக்கும் பழைய கைப்பம்பின் நீளத் தடியைப் பக்கத்துக்கு இருபது பேர் பிடித்து அடிக்கும்போது, "யோவ் அமோஸ், குனிஞ்சு அடிய்யா! கடிகாரத்துக்குச் சாவியா குடுக்கறே?" என்று கத்துவான் கேப்டன் ரூஃபஸ். அறுபது வயதுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு குனிந்து அடிப்பார்.

எஞ்சினை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவன் இந்த ரூஃபஸ்தான். கறிக்கடைக்காரன். குரலும் மாட்டுக் குரல்.

"இந்தப் பிசாசுக்கு மூணு பேர் போதுமாம்! மீதி நாற்பது பேர் என்ன பண்றது? வீட்ல உக்காந்து பூனைக்குத் தலை சீவி விடறதா?"

ஆனால் இன்று மதியம் சோதனை ஓட்டத்தில் எஞ்சின் அடித்த தண்ணீர், தேவாலயக் கோபுரத்தில் காற்றுத் திசை காட்டும் செப்புச் சேவலையும் தாண்டிப் போனது. சேவல் பம்பரமாகச் சுற்றியது. பாதிரியாரின் தொப்பி ஆற்றில் மிதந்து போனது. ஊரே துள்ளிக் குதித்தது. ரூஃபஸ் மட்டும் அண்ணாந்து சேவலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்போது கடைசி ஆளாக அவன் பெட்டியருகே வந்தான். எல்லாக் கண்களும் அவன் முஷ்டிமேல்.

"யோசிச்சுப் போடு" என்றான் ஜோனஸ். "நாம வேணாம்னா அக்கரைக்காரங்க வாங்கிக்கறேன்னு கடுதாசி மேல கடுதாசி போடறாங்க. அப்புறம் நம்ம ஊர்த் தீயை அவனுங்க பாலம் தாண்டி வந்து அணைப்பானுங்க. அந்த மூஞ்சிங்களுக்கு நன்றி வேற சொல்லணும்!"

"வாயை மூடுடா, மாவு மூட்டை!"

டொக்.

பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார்கள். கோலிகள் உருண்டன. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. நடுவே ஒரு கறுப்பு.

கொட்டகை வெடித்தது.

"புத்தியைக் காட்டிட்டியேடா!"

"சட்டையைக் கழட்டு! இனிமே நீ கேப்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

கேப்டன் கட்டளை கத்தும் பித்தளைக் குழலை யாரோ ரூஃபஸிடமிருந்து பிடுங்கினார்கள். தள்ளுமுள்ளில் சிப்பி சூப் கொதித்துக்கொண்டிருந்த பானை கவிழப் பார்த்தது. இரண்டு பேர் சண்டையை விட்டுவிட்டு ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என் புள்ளைங்க மேல சத்தியம்டா, வெள்ளைதான் போட்டேன்!" மாட்டை ஒரே அடியில் சாய்க்கிற ரூஃபஸின் கண்ணில் தண்ணீர். "அந்தச் சேவல் சுத்தினப்பவே நான் தோத்துட்டேன்டா. அந்த எஞ்சினைக் கட்டிக்கலாம் போல இருந்துச்சு!"

"நம்பிட்டோம்! உன்னை விட்டா வேற எவன்டா போடுவான்?" ஜோனஸ் திரும்பினான். "அந்த மனுஷன் மூஞ்சியைப் பாரு. மூணு வருஷ உழைப்பு. செத்தே போயிட்டாரு!"

அமோஸின் முகம் உண்மையிலேயே வெளுத்திருந்தது. எழுந்தார். உட்கார்ந்தார். ரூஃபஸின் சட்டைப் பொத்தான்களை இரண்டு பேர் கழற்றத் தொடங்கியதைப் பார்த்ததும் மறுபடி எழுந்து, பெஞ்சின்மேலேயே ஏறி நின்றார்.

சத்தம் அடங்கியது. ஜோனஸ் தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. இவனை என்ன பண்ணலாம்?"

கொட்டகைக்குள் அவரை யாரும் 'ஐயா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அமோஸுக்கு உடம்பே தூக்கிப் போட்டது.

"அவனை விடுங்கய்யா, கறுப்பு என்னுது" என்றார். "எனக்கு உங்களோட சேர்ந்து பம்பு அடிக்கணும்யா!"