ஜோடி மாறிய செருப்பு

துடைத்த ஆஸ்பத்திரித் தரையில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக் கிடக்கிறது. எதிர் பெஞ்சில் தலையில் காயக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் எதிர்க்கட்சிக்காரனின் பாதங்களையே அவள் பார்க்கிறாள். இடது காலில் பழுப்புச் செருப்பு, வலதில் கறுப்பு. கறுப்பின் வாரில் அவள் கோத்துக் கொடுத்த செப்புக் கம்பி மினுக்குகிறது. அதன் ஜோடி உள்ளே கணவனின் கட்டிலடியில், இவனுடைய பழுப்போடு கிடக்கிறது. ஊரே ரெண்டுபட்டு அடித்துக்கொண்ட நேற்றைய கலவரத்தில், எவ்வளவு நெருங்கி நின்றால் செருப்பு மாறும் என்று அவளுக்குக் குடைகிறது.

“அண்ணே, அந்தக் கறுப்பு எங்க வீட்டுக்காரரோடது.”

அவன் குனிந்து பார்க்கிறான். சட்டென்று கழற்றி நீட்டுகிறான். “இந்தாம்மா. நல்லா இருக்காரா?”

“வலது கால்ல மாவுக்கட்டு. இப்போதைக்கு அவருக்கு வேண்டாம்ணே, நீங்களே போட்டுக்குங்க.”

அவன் அதை மாட்டவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான்.