உதடு ஒட்டாத வசனம்

மறுபடியும் உதடு ஒட்டவில்லை.

திரையில் கன்னியம்மா வாயை மூடிய பிறகும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கன்னியம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

"துன்னுட்டுப் போடா, மீனு ஆறுது." அவ்வளவுதான் வசனம்.

எண்ணூரில் மீன் விற்பவள். நடிக்கத் தெரியாதவள் என்பதற்காகவே மகிமா தன் படத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தாள். மகனாக அவளுடைய சொந்த மகன் தீனா. சாலையோரத்தில் அவர்கள் வீட்டு வாசலிலேயே எடுத்த காட்சி. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் வசனங்களைத் தின்றுவிட்டது.

அதனால்தான் இந்த டப்பிங். தீனாவின் வசனத்தைப் போன வாரமே வேறொரு பையன் பேசிக் கொடுத்துவிட்டான்.

அப்பாவின் ராயபுரம் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டே மகிமா முடித்த படம். எந்தத் தியேட்டரும் எடுக்கவில்லை. எந்த விழாவும் பதில் போடவில்லை. கடைசியில் ஒரு ஓடிடி நிறுவனம், ஒலியைச் சரிசெய்து இன்று மாலைக்குள் அனுப்பினால் வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. தவறினால் அந்த இடம் வேறு படத்துக்கு.

இதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

ஸ்டுடியோ என்பது ஒலிப்பதிவாளன் சாவியோ மாதா கோயில் பாட்டுகள் பதிவு செய்யும் மாடி அறை. அடுத்த பதிவுக்கு வந்த பாடகர் குழு படிக்கட்டில் உட்கார்ந்து சுருதி பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா மகிமா, உன் ஹீரோயினு வேணும்னே கவுக்குதா? பாட்டுக்காரங்க என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கப் போறாங்க" என்றான் சாவியோ. "ஹெட்போன்ல அந்த லாரி இரைச்சல்தான் கொயப்புது. அத்த எடுத்துடறேன்."

படப்பிடிப்பில் பதிவான பழைய ஒலி அது. அதைக் காதில் கேட்டுக்கொண்டே பேசவேண்டும். புதுக் குரல் சரியாக அமைந்துவிட்டால் பழையதைத் தூக்கிவிடுவார்கள்.

சாவியோ அதை நிறுத்தினான்.

கன்னியம்மா சட்டென்று நிமிர்ந்தாள். ஹெட்போனை இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னா பா, நிறுத்திட்ட? லாரி கத்தறதுக்கு முன்னாடி தீனா 'தோ வந்துர்றேம்மா'ன்னுவான்ல. அது வர்ல."

எடிட்டிங்கில் மகிமா எத்தனையோ முறை கேட்ட வரி. அவள் காதில் அது இரைச்சலாக மட்டுமே விழுந்திருந்தது.

படப்பிடிப்பு முடிந்த மறுமாதம், அதே சாலையில், அதே லாரி வரிசையில், தீனா பைக்கோடு ஒரு லாரிக்கு அடியில் போய் இறந்திருந்தான். அவன் போனும் நசுங்கிப்போனது. இந்தப் பதிவைத் தவிர அவன் குரல் வேறெங்கும் இல்லை.

அந்த ஒலியைத் தனியாக எடுத்து அவளுக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். இந்த அறையில் மட்டும்தான் அவன் சொல்ல, அவள் பதில் சொல்கிறாள். தப்பாகச் சொன்னால், திரும்பவும் வாசலுக்கு வருகிறான்.

"அதையே போட்டுவிடு" என்றாள் மகிமா சாவியோவிடம்.

காட்சி ஓடியது. கன்னியம்மா திரையையே பார்த்தாள். இந்த முறை அவளால் பதிலைப் பிடித்துவைக்க முடியவில்லை போலிருக்கிறது. வசனம் உதட்டில் அச்சாக உட்கார்ந்தது.

சாவியோ கட்டைவிரலை உயர்த்தினான். வெளியே பாட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

ஓகே என்று சொன்னால் போதும். படம் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசும் மைக்கின் பொத்தானை மகிமா அழுத்தினாள்.

"சரியா வரலக்கா. இன்னொரு தடவ அவனக் கூப்பிடுங்க."